கதிர்காமத்துக்கு நடப்பவரின் கொப்பி

வைகாசி பிறந்தால் ஒரே கேள்விதான் வரும். "அக்கா, சந்நிதியில இருந்து கதிர்காமம் நடக்கிறதுக்கு என்ன பேப்பர் வேணும்? எங்க பதியிறது?" கேட்பவர்களில் நயினாதீவு, நெடுந்தீவு, ஊர்காவற்றுறைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், தீவில் பிறந்து இப்போது ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருப்பவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்வதை இம்முறை எழுதியே வைக்கிறேன். கூடவே, எவரும் கேட்காத இன்னொரு பேப்பரைப் பற்றியும் எழுதப்போகிறேன். எனக்கு அதுதான் முக்கியம்.

நடப்பதற்கென்று தனியாக ஒரு பத்திரம் கிடையாது. தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியில் வேல் பெற்றுக் கூட்டம் புறப்படும். புறப்படும் நாளைச் சந்நிதியில் விசாரித்து, கூட்டத்தை நடத்தும் சாமியிடம் போய் "நானும் வாறன்" என்று சொன்னால் போதும். சிலர் பெயரைக் குறித்துக்கொள்வார்கள், சிலர் விபூதியைத் தந்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். அந்த நேரம் தொட்டு உங்களுக்கும் பெயர் சாமிதான். ஆணென்றாலும் பெண்ணென்றாலும், ஆசிரியரென்றாலும் கடற்றொழிலாளியென்றாலும் சாமி. காவி, உருத்திராக்கம், கூட்டத்தின் முன்னால் போகும் வேல், வாயில் அரோகரா. ஊருக்கு ஊர் எங்களை உள்ளே விடுவது இவைதான். தனியே பின்தங்கி வருகிறவரைக் கண்டால் ஊர்ச்சனம் இரண்டு கேள்வி கேட்கும்: "எந்த ஊர்ச் சாமி? ஆரோட வந்தனீங்கள்?" பதில் சரியென்றால் பாய் வரும், சோறு வரும்.

சபரிமலைக்குப் போகிறவர்களுக்கு இது விளங்கும். அங்கே இணையத்தில் நேரம் பதிந்து அனுமதிச் சீட்டோடு வரிசையில் நிற்கலாம். ஆனால் தலையில் இருமுடி இல்லாவிட்டால் பதினெட்டாம் படியில் கால் வைக்க முடியாது. விரதத்தின் சாட்சியைச் சுமந்துகொண்டு போவது எங்கள் பக்கத்து வழக்கம்.

சரி, அரசாங்கப் பேப்பருக்கு வருகிறேன். தேசிய அடையாள அட்டை கட்டாயம் கையில் இருக்க வேண்டும். சந்நிதியிலிருந்து வற்றாப்பளை, முல்லைத்தீவு, கொக்கிளாய், திரியாய், திருகோணமலை, வெருகல், வாகரை, மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று கரையோரமாக வரும் பாதை உகந்தை முருகனோடு ஊர்களை விட்டுவிடுகிறது. அதற்கப்பால் கூமுனைக் காடு. 2006 வரை கிழக்கு யால என்று பெயர் இருந்த தேசிய பூங்கா அது. காட்டுப்பாதை வருடம் முழுக்கத் திறந்திருக்காது. கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி, அதிகாரிகள் கூடி நாள் குறித்து, சில நாட்களுக்கு மட்டும் திறப்பார்கள். வாசலில் பெயர், அடையாள அட்டை இலக்கம் பதிவார்கள். பையைத் திறந்து பொலித்தீன், பிளாஸ்ரிக் பார்ப்பார்கள். யானையும் கரடியும் உள்ள காட்டுக்குள் பல்லாயிரம் பேர் நாட்கணக்கில் நடக்கிறார்கள், இடையில் கும்புக்கன் ஆற்றைக் கடக்கிறார்கள். உள்ளே போனவர் யார், வெளியே வந்தவர் யார் என்று ஒரு கணக்கு இருப்பது நல்லது. அந்தப் பதிவோடு எனக்கு எந்த மனக்குறையும் இல்லை.

தீவுக்காரருக்கு அட்டை எடுப்பதே ஒரு சின்ன யாத்திரை. நயினாதீவில் இருப்பவர் விதானையாரிடம் விண்ணப்பத்தை நிரப்பி, படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பிரதேச செயலகத்துக்கு வேலணைவரை போக வேண்டும். அனலைதீவாரும் எழுவைதீவாரும் கடல் கடந்து ஊர்காவற்றுறைக்கு வருகிறார்கள். நெடுந்தீவில் தனிச் செயலகம் இருக்கிறது. ஆனால் படத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்கும் யாழ்ப்பாணம் வந்துபோகிறவர்கள் அங்கேயும் உண்டு. அட்டை தொலைந்திருந்தால் இதற்கெல்லாம் முன்னால் பொலிசில் முறைப்பாடு போட வேண்டும். வைகாசியில் சோழகக் காற்று எழும்பினால் படகு ஓடும் நாளும் உண்டு, ஓடாத நாளும் உண்டு. ஆகவே மாசி, பங்குனியிலேயே அட்டையை எடுத்துப் பாருங்கள். எழுத்து மங்கியிருக்கிறதா, படம் ஆளை ஒத்திருக்கிறதா? இல்லையென்றால் அப்போதே விண்ணப்பியுங்கள். பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியைக் கொண்டுபோங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அதன் படப்பக்கத்தையும் விசாப் பக்கத்தையும் பிரதியெடுத்து வையுங்கள். மருந்து எடுக்கும் வயதானவர்கள் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கைபேசியில் படம்பிடித்து வையுங்கள். பாதைநெடுக மருத்துவர்களும் தொண்டர்களும் நிற்பார்கள். என்ன குளிசை, எத்தனை மில்லிகிராம் என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இவ்வளவும் அரசாங்கம் கேட்கும் பேப்பர். நீங்கள் யார் என்பதை இது சொல்லும். நீங்கள் நடந்தீர்கள் என்பதை எந்தப் பேப்பர் சொல்லும்?

இந்தக் கேள்வி என் அம்மம்மாவால் எனக்குள் வந்தது. நான் பிறக்க முன்னமே அவா கதிர்காமத்துக்கு நடந்து போய் வந்தவா. வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். எந்த வருடம் என்று யாருக்கும் தெரியாது. மாமா ஒன்று சொல்லுவார், பெரியம்மா இன்னொன்று சொல்லுவா. யாரோடு போனவா? நெடுந்தீவுச் சனத்தோடு என்று ஒரு கதை, சரவணையில் இருந்து போன கூட்டத்தோடு என்று இன்னொரு கதை. வெருகலில் காய்ச்சல் வந்து கிடந்தபோது ஒரு வீட்டுக்காரி கஞ்சி வைத்துக் கொடுத்துக் காப்பாற்றினா என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா. அந்த வீட்டுக்காரியின் பெயரை நாங்கள் கேட்டு வைக்கவில்லை. ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஒரு நடை, ஒன்றரை மாதத்துக்கு மேற்பட்ட ஒரு வாழ்வு, ஒரு தாள்கூட மிச்சம் இல்லை. நல்லூர் யோகர் சுவாமிகள் கதிர்காமம் நடந்தது எழுத்தில் இருக்கிறது. அவர் நடந்த அதே மணலில் நடந்த தீவகத்துப் பெண்கள் எவருடைய பெயரையும் நான் எழுத்தில் கண்டதில்லை.

இதிலே போரின் பங்கும் இருக்கிறது. 1983க்குப் பிறகு நடை குலைந்தது. கூமுனைப் பூங்கா 1985இல் மூடப்பட்டு 2003வரை மூடிக் கிடந்தது. எழுபதுகளில் இந்தப் பாதையில் நடந்த பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்கரும் கதிர்காம பக்தர் அறக்கட்டளையும் 1988இல் நடையை மறுபடி தொடக்கி வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் தொடங்கி முழுத்தூரமும் நடப்பது போர் ஓய்ந்த பிறகுதான் மீண்டும் வழக்கமானது. இடையில் எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறை நடக்கவே இல்லை. அந்தத் தலைமுறைக்குப் பேப்பர் என்றால் வேறு பொருள். ஊரைவிட்டு வெளியேறப் புலிகளின் பாஸ், அதற்குப் பிணை நிற்க ஒரு ஆள். பிறகு இராணுவத்தின் கிளியரன்ஸ். 2006 ஓகஸ்ட் 11இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை மூடியபோது, கொழும்புக்கு மருத்துவத்துக்குப் போகவும் அனுமதி வாங்கிக் கப்பலுக்கோ விமானத்துக்கோ காத்துக் கிடந்தோம். எங்கள் தீவுகளில் வலை வீசக் கடலுக்கு இறங்குவதற்கும் கடற்படையின் பாஸ் வேண்டியிருந்தது. ஆள் நகர வேண்டுமென்றால் யாரோ ஒருவர் சம்மதித்துத் துண்டு தர வேண்டும் என்ற நிலையிலேயே நாங்கள் வளர்ந்தோம்.

அதனால் ஸ்பெயின் நாட்டில் சந்தியாகோவுக்கு நடக்கிறவர்களின் கடவுக் கொப்பியை முதன்முதல் கண்டபோது எனக்கு அது அதிசயமாகத்தான் இருந்தது. கனடாவில் இருக்கும் ஒரு சிநேகிதி நடந்துவிட்டு வந்து காட்டினாள். மடித்து மடித்து விரியும் தடித்த தாள், அதற்குக் கிரெடென்சியல் என்று பெயர். யாத்திரிகர் அலுவலகத்திலும் தேவாலயங்களிலும் சில யூரோவுக்கு வாங்கலாம். போகிற வழியில் தேவாலயம், சத்திரம், தேத்தண்ணிக்கடை என்று தங்குகிற இடமெல்லாம் சீல் குத்துவார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு சீல்: சிப்பி, பாலம், கோபுரம். யாத்திரிகர் சத்திரங்களில் கட்டில் கிடைப்பதற்கு இதைக் காட்ட வேண்டும். குறைந்தது 100 கிலோமீற்றர் நடந்ததற்கு, நாளுக்கு இரண்டு சீல் வீதம் இருந்தால், கடைசியில் லத்தீனில் பெயர் எழுதிய சான்றிதழ் தருகிறார்கள். 2024இல் அப்படிச் சான்றிதழ் பெற்றவர்கள் ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தத் தாளின் வேர் பழையது. ஐரோப்பாவில் நடுக்கால யாத்திரிகர் இன்னார் நல்லவர், வழிவிடுங்கள் என்று தம் ஊர்க் குருவானவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு நடந்தார்கள். அதுவும் தொடக்கத்தில் ஒரு பாஸ்தான். பயத்துக்காகப் பிறந்த பேப்பர் காலப்போக்கில் அன்புக்குரிய பேப்பராக மாறியிருக்கிறது.

ஜப்பானில் சிக்கோக்கு தீவைச் சுற்றி 88 கோயில், 1,200 கிலோமீற்றர் அளவில் நடை. அங்கே ஒரு கொப்பி கொண்டுபோனால், கோயிலுக்குக் கோயில் தூரிகையால் கறுப்பு மையில் எழுதி மேலே சிவப்பு முத்திரை பதிக்கிறார்கள். சூத்திரம் ஓதி வழிபட்டதற்கு அத்தாட்சி அது. இறந்தபின் அந்தக் கொப்பியைத் தங்களோடு வைக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எங்களுக்கு ஏன் இப்படி ஒன்று இல்லை என்று ஏங்குவதை விட்டுவிட்டு, கையில் இருப்பதை வைத்து நான் செய்யத் தொடங்கினேன். கடையில் ஒரு 80 பக்கக் கொப்பி வாங்கினேன். முதல் பக்கத்தில் பெயர், ஊர், வருடம். நயினை நாகபூசணி அம்மனிடம் அர்ச்சனை செய்தேன். பற்றுச்சீட்டில் கோயில் பெயரும் திகதியும் இருந்தன, அதையே முதல் ஒட்டாக ஒட்டினேன். பிறகு படகு, குறிகட்டுவான், புங்குடுதீவு, வாணர் தாம்போதி, வேலணை, அல்லைப்பிட்டி, பண்ணைப் பாலம். தீவில் இருந்து நடக்கிறவருக்குச் சந்நிதியில் நடை தொடங்குவதில்லை, இறங்குதுறையிலேயே தொடங்கிவிடுகிறது. நல்லூரில் ஒரு சீட்டு, சந்நிதியில் ஒரு சீட்டு. இங்கே கிடைக்கும் பெரிய சந்தோசத்தையும் சொல்லிவிடுகிறேன்: சந்நிதியில் வாயை வெள்ளைத் துணியால் கட்டிப் பூசை செய்கிறார்கள், மண்டூரிலும் அப்படியே, கதிர்காமத்திலும் அப்படியே. புறப்படும் இடத்தில் கண்டதை பாதித் தூரம் தாண்டி ஒருமுறையும், போய்ச் சேர்ந்த இடத்தில் இன்னொரு முறையும் காண்பது கால்வலியை மறக்கடிக்கும்.

பெரிய கோயில்களில் அலுவலகம் இருக்கும். "ஐயா, இதில ஒரு சீல் குத்தித் தருவியளோ?" என்று கேட்டால் முதலில் முழிப்பார்கள். "என்னத்துக்குப் பிள்ளை?" "நடந்து வந்ததுக்கு ஒரு நினைவுக்கு." அதோடு சீல் வந்துவிடும். சில இடத்தில் தேத்தண்ணியும் சேர்ந்து வரும். சின்னக் கோயில்களில் சீலும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. கிழக்கில் அப்படி ஒரு கோயிலில் வயதான பூசகர் கொப்பியை வாங்கித் தன் மகளிடம் கொடுத்தார். அந்தப் பிள்ளை முத்து முத்தான எழுத்தில் திகதியை எழுதி, கீழே "யாத்திரிகருக்கு இரவு சோறும் கீரையும் கொடுத்தோம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். என் கொப்பியில் அதைவிடப் பெறுமதியான பக்கம் வேறு இல்லை. சந்தியாகோவின் அழகான சீல்களில் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது. சோறு போட்டவரின் கை அங்கே தெரிகிறது.

ஒரு சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைப் பார்த்த சிங்கள இளைஞர் கொப்பியையும் புரட்டிப் பார்த்தார். எழுத்து அவருக்கு விளங்கவில்லை. முதல் பக்கத்தில் இருப்பது நயினாதீவு என்று நான் சொன்னதும் "நாகதீப?" என்று கேட்டு முகம் மலர்ந்தார். அம்மாவோடு வந்து நாக விகாரையை வணங்கியிருக்கிறாராம், படகில் சத்தி எடுத்தாராம். நயினாதீவின் நாகதீப விகாரையும் கதிர்காமத்துக் கிரி வெஹெரவும் சிங்கள பௌத்தர் வணங்கும் பதினாறு பெருந்தலங்களில் உள்ளவை. அவர்கள் தெற்கிலிருந்து எங்கள் தீவுக்கு வருகிறார்கள், நாங்கள் தீவிலிருந்து அவர்கள் பக்கத்துக் காட்டுக்கு நடக்கிறோம். அட்டையில் அவர் பார்த்தது இலக்கத்தை. கொப்பியில் அவருக்கு ஒரு கதை கிடைத்தது.

கொப்பியைக் காப்பாற்றுவது தனி வேலை. கவனமில்லாவிட்டால் வெருகல் போய்ச் சேர முன்னமே இழந்துவிடலாம். முதல் எதிரி வியர்வை. இடுப்பில் செருகினால் சீல் மை இரண்டு நாளில் ஊறிப் பரவும். தோள்பையின் நடுவில், மாற்றுச் சீலைக்கு உள்ளே வையுங்கள். உறை றெக்சினாக இருந்தால் நல்லது, பொலித்தீன் என்றால் உகந்தையில் பறிபோகலாம். குமிழ்முனைப் பேனையால் எழுதச் சொல்லுங்கள், பல ஜெல் பேனைகளின் மை ஒரு துளி நீருக்குத் தாங்காது. ஒட்டுவதற்குப் பசை வேண்டாம், ஊசி நூலால் தையுங்கள். பசை வாசத்துக்குக் காட்டில் எறும்பு வரும். நெடுந்தீவுக் கடலைத் தாண்டுகிறவர்கள் படகின் மேல்தட்டில் பையைத் திறக்கவே வேண்டாம், சோழகத்துக்கு உப்புநீர் உள்ளேவரை அடிக்கும். கிடைத்த பக்கத்தை அன்றன்றே படம்பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். காட்டுக்குள் அது நடவாது, அங்கே தொடர்பு கிடையாது. அடையாள அட்டையைக் கொப்பிக்குள் வைக்காதீர்கள். இரண்டும் ஒன்றாகத் தொலைந்தால் நடுவழியில் நிற்பீர்கள்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கொப்பியில் அடையாள அட்டை இலக்கத்தை எழுதாதீர்கள். கூட நடக்கிறவர்களின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதாதீர்கள். பெயர்ப் பட்டியல் என்ற சொல்லுக்கே நெஞ்சு நடுங்கிய காலம் எங்களுக்கு இருந்தது. யார் யாருடைய பட்டியலில் இருந்தார் என்பதற்காக உயிர் போன ஊர்கள் எங்களுடையவை. கோயில்களில் வைக்கும்படி நான் கேட்கப்போகும் பதிவேடு அப்படிப்பட்டதல்ல. பெயர், ஊர், வந்து சேர்ந்த திகதி, இவ்வளவும் போதும். விரும்பினவர் எழுதட்டும், விரும்பாதவர் விபூதியோடு போகட்டும். ஏடு கோயிலிலேயே இருக்கட்டும்.

சீல் வந்தால் பக்தி போய்விடும், பிள்ளைகள் சீலுக்காக ஓடுவார்கள் என்று ஒரு பெரியவர் என்னோடு வாதிட்டார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சந்தியாகோவில் கடைசி 100 கிலோமீற்றர் மட்டும் நடந்து சான்றிதழ் வாங்கிப் போகிறவர்கள் ஏராளம். ஆனால் எங்கள் நடையில் சான்றிதழ் தர யாரும் இல்லை, தரவும் கூடாது. கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் முழுகி எழும்பினால் நேர்த்தி முடிந்தது. கொப்பி எதையும் நிரூபிக்கத் தேவையில்லை, மறதியைத் தடுத்தால் போதும். சீலுக்காக ஓடுகிற பிள்ளையும் உகந்தை தாண்டி இரண்டு நாள் காட்டில் நடந்தால் சாமியாகிவிடும். அந்த மணல் அப்படிப்பட்டது.

ஆகவே நயினாதீவு, சந்நிதி தொடங்கி உகந்தை வரையுள்ள கோயில் நிருவாகத்தினருக்கு என் வேண்டுகோள்: யாத்திரைக் காலத்தில் ஒரு ரபர் சீலும் ஒரு பதிவேடும் வாசல் மேசையில் வையுங்கள். செலவு பெரிதல்ல. அன்னதானத்துக்கு அரிசி தருகிறவர்களிடம் கேட்டால் அவர்களே செய்து தருவார்கள். உங்கள் ஏட்டில் ஒரு வருடம் எழுதப்படும் பெயர்கள் ஐம்பது வருடம் கழித்து ஒரு பேரப்பிள்ளைக்குப் பதிலாக இருக்கும்.

வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் 83க்கு முன்னம் கதிர்காமம் நடந்தவர் யாராவது இன்னும் இருக்கிறார்களா? இன்றைக்கே போய்ப் பக்கத்தில் இருங்கள். எந்த வருடம், ஆரோட, எங்கெங்கு படுத்தனீங்கள், ஆர் சோறு தந்தது என்று கேட்டு, அவர்கள் சொல்கிறபடியே எழுதிவையுங்கள். இம்முறை நடக்கப் போகிறவர்கள் படகேற முன்னம் ஒரு கொப்பி வாங்குங்கள்.